ஏழு லட்சம் கட்டியும் அசல் ஏன் குறையவில்லை?

கேட்டவர் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. கடலூரில் கோண்டூர் பக்கம் 2023-ல் வீடு கட்டியிருக்கிறார்கள். கணவருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை, கையில் வருவது 41,000. இவருக்கு 24,000. ஏழு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண். வீட்டுக் கடன் தரும் நிதி நிறுவனம் ஒன்றில் 25 லட்சம், 9.4 சதவீத மாறும் வட்டி, 20 வருடம், மாதத் தவணை 23,140. முப்பது தவணை கட்டியாகிவிட்டது, கிட்டத்தட்ட ஏழு லட்சம். அசலில் குறைந்தது 1.2 லட்சம்தான். "எங்களை ஏமாற்றுகிறார்களா?" என்பது முதல் கேள்வி. கிரெடிட் கார்டில் 55,000 பாக்கி நிற்கிறது, இரண்டு லட்சத்துக்கு நகை அடகில் இருக்கிறது, அடுத்த மாதம் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுக்கப்போகிறார்கள். அதை அப்படியே வீட்டுக் கடனில் போட்டுவிடலாமா என்பது இரண்டாவது. சம்பளத்தில் பாதி டே கேருக்கும் வேனுக்குமே போகிறது, வேலையை விட்டுவிடலாமா என்பது மூன்றாவது.

வங்கியில் கடன் பிரிவில் நெடுநாள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: ஏமாற்றவில்லை, கணக்கு சரிதான்.

25 லட்சத்துக்கு 9.4 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,35,000. மாதத்துக்கு 19,583. நீங்கள் கட்டும் 23,140-ல் முதல் மாதம் இந்த வட்டி போக, அசலுக்குப் போனது 3,557 மட்டுமே. அடுத்த மாதம் அந்த 3,557-க்கு உண்டான வட்டி, அதாவது 28 ரூபாய், அசல் பக்கம் கூடும். இப்படி ஊர்ந்து ஊர்ந்துதான் அசல் கரையும். இந்த வட்டியில், இந்தக் கால அளவில், ஒரு தவணையில் வட்டியைவிட அசல் அதிகமாகப் போகத் தொடங்குவது 13-வது வருடத்தில். இருபது வருடமும் இப்படியே கட்டினால் மொத்தம் 55 லட்சத்துக்கு மேல். வீடு வாங்கும் நாளில் இதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. தவணை எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதனால்தான் ஆரம்ப வருடங்களில் அசலில் கொஞ்சம் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். இன்றைக்கு நீங்கள் ஒரு லட்சம் கட்டிவிட்டுத் தவணையை அப்படியே வைத்துக்கொண்டால் கடைசியில் சுமார் 20 தவணை குறையும். ஒரு லட்சம் போட்டு நாலே முக்கால் லட்சம் மிச்சம் என்று கேட்டால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். சீட்டுப் பணத்தை அங்கே போடலாமா என்று நீங்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் போட வேண்டாம், இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்த நாலே முக்கால் லட்சம் பதினைந்து வருடம் கழித்து வரும் பணம். உங்கள் வீட்டில் ஓட்டை இருப்பது இந்த மாதக் கணக்கில்.

நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து அதைப் போட்டுப் பார்த்தேன். விட்ட இடங்களில் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று நானே நிரப்பியிருக்கிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதச் செலவை நீங்களே எழுதியிருந்தீர்கள். எழுதாமல் விட்டது வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வரும் செலவுகளை. பையனுக்குப் பள்ளிக் கட்டணம் 38,000. சீருடை, புத்தகம், நோட்டு, ஷூ 7,000. தீபாவளியும் பொங்கலும் சேர்த்து 25,000. மொய், சீர் 20,000. இரண்டு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 9,000. குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் 32,000. வீட்டு வரி, தண்ணீர் வரி 5,000. மோட்டார் ரிப்பேர், பிளம்பர் என்று வீட்டுக்கு 8,000. கூட்டினால் 1,44,000. மாதத்துக்கு 12,000.

இந்த 12,000 எந்த மாதமும் கண்ணில் படாது. ஜூனில் ஒரே அடியாக, ஐப்பசியில் ஒரே அடியாக வந்து நிற்கும். அப்போது கார்டைத் தேய்க்கிறோம், இல்லையென்றால் வளையல் அடகுக்குப் போகிறது. பிறகு "அந்த மாதம் மட்டும் கொஞ்சம் இடித்தது" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். ஜூன் எல்லா வருடமும் வருகிறது.

இப்போது மாதத்துக்கு வருவோம். வீட்டுத் தவணை 23,100. வருடச் செலவின் பங்கு 12,000. சீட்டு 5,000. டே கேர் 4,500. பையனின் வேன் 1,200. மளிகை, பால், காய், மீன் 13,000. பெட்ரோல், பஸ் 4,000. மின்சாரம் மாதத்துக்குச் சராசரி 1,000. போன், நெட், சிலிண்டர் என்று ஒரு 1,200. இதுவரை கூட்டிப் பாருங்கள். சரியாக 65,000. உங்கள் இருவர் சம்பளமும் இங்கேயே தீர்ந்துவிட்டது. இதற்கு மேல்தான் நகைக்கடன் வட்டி 1,500-ம், கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 2,750-ம். மாதம் 4,250 துண்டு விழுகிறது. வருடத்துக்கு 51,000. கார்டு பாக்கி 55,000 எங்கிருந்து வந்தது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் ஊதாரித்தனம் செய்யவில்லை. கணவரும் செய்யவில்லை. இதை இருவரும் சேர்ந்து ஒரு முறை தாளில் எழுதிப் பார்த்தால், மாதக் கடைசியில் வரும் சண்டையில் பாதி நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சிக்கனம் சொல்லவரும் எல்லோரும் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு மொய் நோட்டு எழுதியிருப்பீர்கள் அல்லவா, அதை எடுத்துப் பாருங்கள். யார் யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அடுத்த இரண்டு வருடத்தில் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும் என்று ஓரளவு கணிக்க முடியும். வாங்கியதைத் திருப்பித் தருவது அது, வெட்டிவிட முடியாது. முன்கூட்டித் தெரிந்துகொள்ள மட்டும் முடியும்.

சரி, சீட்டுப் பணம். ஆறு மாதம் பாக்கி இருக்கும்போது எடுத்தால் தள்ளுபடி போகக் கையில் 92,000 வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் முதல் 55,000 கார்டுக்கு. முழுசாக, ஒரே தடவையில். கார்டில் பாக்கி வைத்தால் மாதம் 3.5 சதவீத வாக்கில் வட்டி, வருடத்துக்கு 42. அந்த 55,000 ஒரு வருடத்துக்கு 23,000 ரூபாய் வட்டி தின்கிறது. நீங்கள் வீட்டுக் கடனில் போட நினைத்த ஒரு லட்சம் முதல் வருடத்தில் மிச்சம் பிடித்துத் தருவது 9,400. குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போட்டிருப்பதைக் கட்டினால் கார்டு கெட்டுப்போகாது என்பது உண்மைதான், ஆனால் பாக்கி கரையாது. இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. நேற்று வாங்கிய மருந்துக்கும் நேற்றிலிருந்தே வட்டி ஓடும்.

மீதி 37,000-ஐ நகைக்கும் போடாதீர்கள், வீட்டுக் கடனுக்கும் போடாதீர்கள். தனிக் கணக்கில் அப்படியே கிடக்கட்டும். குழந்தைக்குக் காய்ச்சல், வண்டி ரிப்பேர், சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனது, இதற்கெல்லாம் கையில் எதுவும் இல்லையென்றால் மூன்றே மாதத்தில் கார்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். கார்டை அடைத்தவர்கள் மறுபடி விழுவதை நான் பார்த்தவரை காரணம் இதுதான். அடைத்த சந்தோஷத்தில் கையைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள்.

எடுத்த சீட்டு இனி கடன். மீதி ஆறு மாதமும் 5,000 கட்டியாக வேண்டும். அது முடிந்ததும் அடுத்த சீட்டில் சேரத் தெருவிலேயே அழைப்பு வரும். பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் சீட்டு என்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 1982-ம் வருடத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். நடுவில் நாலு பேர் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் நீங்கள் கேட்டுப் போக ஒரு அலுவலகம் கிடையாது. இந்தச் சீட்டைப் பிரச்சினையில்லாமல் முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

அடுத்து, ஏமாற்றவில்லை என்று சொன்னேனே, அதில் ஒரு சின்ன 'ஆனால்' இருக்கிறது. வட்டி விகிதம்.

நீங்கள் கடன் வாங்கிய 2023-ல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி, 6.5. அது 2025-ல் நான்கு தடவையாகக் குறைந்து 5.25-க்கு வந்தது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதன்படி மாற்றியாக வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்களுக்கென்று ஒரு அடிப்படை விகிதம் வைத்திருப்பார்கள். ஏறும்போது அது ஓடும், இறங்கும்போது நடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு எட்டரை என்று பலகை போட்டுவிட்டு, பழைய ஆட்களிடம் ஒன்பதே காலோ ஒன்பதரையோ வாங்கிக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி. கேட்டவருக்குக் குறைப்பார்கள், கேட்காதவருக்கு இல்லை.

ஆகவே கேளுங்கள். போனில் கேட்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். புதியவர்களுக்கு என்ன வட்டி தருகிறீர்கள், அதற்கு என்னை மாற்ற எவ்வளவு கட்டணம் என்று ஒரு மெயில். கட்டணம் சில ஆயிரம் கேட்பார்கள், கொடுக்கலாம். இழுத்தடித்தால், வேறு வங்கிக்கு மாற்றப்போகிறேன், முழுக்கடன் முடிப்புத் தொகைக்கான கணக்கும் ஆவணங்களின் பட்டியலும் தாருங்கள் என்று அடுத்த கடிதம். அந்தக் கடிதத்துக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்பது விதி, அதனால் கதவு திறந்தேதான் இருக்கிறது. நிஜமாகவே வங்கிக்கு மாற்றுவதென்றால் செலவு உண்டு. பரிசீலனைக் கட்டணம், வக்கீல் பார்வை, மதிப்பீட்டாளர், பழைய கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம், புதிய வங்கிக்கு மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வருடத்துக்குள் அந்தச் செலவு வட்டியில் திரும்பி வருமா என்று பாருங்கள். வந்தால் மாறலாம்.

இப்போது பாக்கி 23.8 லட்சம் இருக்கும். அது எட்டரைக்கு வந்தால் இரண்டு வழி. தவணையை 23,140-லேயே வைத்தால் கடன் இரண்டு வருடம் முன்னதாக முடியும். காலத்தை அப்படியே வைத்தால் தவணை 21,800 அளவுக்கு இறங்கும். தவணையைக் குறைக்காதே, காலத்தைக் குறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கையில் இடம் இருக்கும் குடும்பத்துக்கு நானும் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு இப்போதைக்குத் தவணையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். மாதம் 4,000 துண்டு விழும் வீட்டில் பதினைந்து வருடம் கழித்து வரும் லாபத்துக்காக இந்த மாதத்தை இறுக்கிப்பிடித்தால், அந்த இறுக்கம் கார்டில்தான் போய் வெடிக்கும். ஒரு வருடம் கழித்து நிலைமை சீரானதும் தவணையைத் திரும்ப ஏற்றச் சொல்லலாம், அல்லது அவ்வப்போது அசலில் போடலாம். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இதுவரை கட்டிய அசல், வட்டி, பாக்கித் தவணைகள், வட்டி விகிதம் எல்லாம் போட்ட அறிக்கையும் தர வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். மெயிலில் வந்து திறக்காமலே கிடக்கவும் வாய்ப்பு உண்டு.

கணக்கு இப்போது எப்படி நிற்கிறது? கார்டின் 2,750 போனது, தவணையில் 1,300 குறைந்தது. 65,200. ஏறக்குறைய சம்பளத்துக்குச் சமம். ஆறு மாதத்தில் சீட்டு முடிந்தால் 60,200. முதல் தடவையாக மாதம் 4,800 மிஞ்சும்.

இப்போது வேலை. "சம்பளத்தில் பாதி போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வேன் உங்கள் வேலையால் வரும் செலவு இல்லை, நீங்கள் வீட்டில் இருந்தாலும் பையன் பள்ளிக்குப் போகத்தான் வேண்டும். டே கேர் 4,500. உங்கள் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் 1,500. துணி, அவசரத்துக்கு வெளியில் வாங்கும் டிபன், பள்ளியில் ஆசிரியர்கள் சேர்ந்து போடும் வசூல் என்று இன்னொரு 1,500. மொத்தம் 7,500. வேலைக்குப் போவதால் வீட்டுக்கு நிகரமாக வருவது 16,500. விட்டுவிட்டால் 41,000-ல் 23,100 தவணைக்கே போகும், பாதிக்கு மேல். மீதியில் மளிகைக்குப் பிறகு 5,000-கூட நிற்காது. இந்தக் கடன் உங்கள் இருவர் சம்பளத்தையும் பார்த்துத் தரப்பட்டது, நீங்களும் கூட்டுக் கடன்தாரர். டே கேர் செலவு இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் இறங்கிவிடும். நின்றுபோன வேலை அதே சம்பளத்தில் அப்போது திரும்பக் கிடைப்பது சந்தேகம். உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் நிர்வாகம் போடும் பங்கும் உங்கள் சம்பளம்தான், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அலுப்பு வேறு விஷயம். காலை ஐந்துக்கு எழுந்து இரண்டு டப்பா கட்டி, ஒன்றை வேனில் ஏற்றி, ஒன்றை டே கேரில் விட்டு, எட்டரைக்கு அசெம்பிளியில் நிற்பவருக்கு வேலையை விட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அதற்குப் பதில் பணக் கணக்கில் இல்லை, வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்வதில் இருக்கிறது. அதை உங்கள் கணவரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். மாலையில் டியூஷன் எடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், மூன்று வயதுக் குழந்தையோடு ஒரு வாரம் உங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டியூஷனைவிட நல்ல வழி ஒன்று உங்கள் பள்ளியிலேயே இருக்கலாம். ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தரும் தனியார் பள்ளிகள் நிறைய. பையன் வேறு பள்ளியில் படிப்பதாகத் தெரிகிறது. பாதிச் சலுகை கிடைத்தாலே வருடத்துக்கு 19,000, வேன் செலவும் இல்லை, காலை ஓட்டமும் ஒன்று குறையும். நிர்வாகத்திடம் கேட்கத் தயங்காதீர்கள். சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

தேதி விஷயம் சின்னது, ஆனால் காசு தின்னும். உங்கள் சம்பளம் 1-ம் தேதி, கணவருக்கு 7-ம் தேதி, தவணை போவதோ 5-ம் தேதி. கணக்கில் பணமில்லாமல் இரண்டு முறை தவணை திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறைக்கும் வங்கி ஒரு கட்டணம், நிதி நிறுவனம் ஒரு கட்டணம், சிபில் எனும் கடன் வரலாற்றுப் பதிவில் ஒரு கறை. அந்தக் கறையோடு வேறு வங்கிக்குக் கடனை மாற்றப் போனால் வட்டி பேச முடியாது. தவணைத் தேதியை 10-க்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம் கொடுங்கள். இருவரும் சேர்ந்து ஒரு கணக்கு வைத்து, தவணைப் பணத்தையும் வருடச் செலவின் 12,000-ஐயும் சம்பளம் வந்த அன்றே அங்கே தள்ளிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், ஜிபேயும் வேண்டாம்.

மிச்சம் பிடிக்கும் இடங்கள் என்று நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. உழவர் சந்தைக்குப் போவதும், முதுநகர் பக்கம் போகும்போது மீன் வாங்குவதும் கடலூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணவர் பாண்டிச்சேரியில் பெட்ரோல் போட்டுக்கொள்வார், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அந்த மிச்சம் அங்கேயே வேறு எதில் செலவாகிறது என்பது என் கேள்வி இல்லை. மின்சாரத்தில் ஒன்று கவனியுங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். கோடையில் 490-ல் நிறுத்துவதற்கும் 510-க்குப் போவதற்கும் வித்தியாசம் இருபது யூனிட்டின் காசு மட்டும் இல்லை. வீட்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்த மாதத்துக்குள்ளேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

அக்டோபர் என்றதும் ஞாபகம். நம் ஊரில் அவசரத்துக்கான பணம் எப்போது இருந்தாலும் போதும் என்று இல்லை, ஐப்பசிக்குள் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலில் காற்றைவிட, சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீர்தான் கரையோர ஊர்களை அடித்தது. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் பள்ளி மூடும், டே கேர் மூடும், ஒருவர் லீவு போட்டாக வேண்டும், லீவு இல்லையென்றால் சம்பளம் பிடிப்பார்கள். தவணை மட்டும் தேதிக்குப் போகும். எப்போதாவது பேரிடருக்குத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதிப்பார்கள், ஆனால் வட்டி நிற்காது. 2020-ல் கொரோனாவின்போது ஆறு மாதம் தள்ளிவைத்தவர்களுக்கு அது தெரியும்.

அதனால் வீட்டுக்குக் காப்பீடு எடுங்கள். பாரத் க்ருஹ ரக்ஷா என்ற பெயரில் ஒரே மாதிரி விதிகளோடு 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. வெள்ளம், புயல், தீ எல்லாம் அடங்கும். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் உச்சவரம்புக்குள், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டாம், திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும். கடன் கொடுத்தபோது ஏதோ காப்பீடு போட்டதாகச் சொல்கிறீர்கள். அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். வீட்டுக்கா, ஆளுக்கா? ஆளுக்கென்றால் பெரும்பாலும் கணவர் பெயரில் மட்டும் இருக்கும். உங்கள் 24,000 இல்லாமல் இந்தத் தவணை நிற்காது என்று மேலே பார்த்தோம், ஆகவே உங்கள் பெயரிலும் டேர்ம் பாலிசி, அதாவது ஆள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு, வேண்டும். முதிர்வில் பணம் திரும்ப வரும் பாலிசி வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

மற்றவை வேகமாக. நகைக்கடனை வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கும்போது, தங்கம் விலை ஏறியிருக்கிறது, அதே நகைக்கு இன்னும் ஒரு லட்சம் தருகிறோம் என்பார்கள். வாங்காதீர்கள். சீட்டு முடிந்ததும் மிஞ்சும் பணம் முதலில் இந்த நகைக்குப் போகட்டும், வட்டி வீட்டுக் கடனைப் போலத்தான் என்றாலும். நகை கையில் இருந்தால் அடுத்த அவசரத்துக்கு அது இருக்கும்.

பெண்ணுக்குச் செல்வமகள் கணக்கு இப்போதே திறந்துவிடுங்கள். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். பத்து வயதுக்குள் திறக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெரிய தொகையைப் பிறகு போடலாம்.

வரிச் சலுகைக்காக வீட்டுக் கடனை அடைக்காமல் வைத்திருக்கச் சொன்ன நண்பரின் பேச்சை விடுங்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. உங்கள் இருவருக்குமே கட்ட வேண்டிய வரியே இல்லாதபோது எதிலிருந்து சலுகை வாங்குவது? பிரதமர் வீட்டுத் திட்டத்தின் வட்டி மானியம் 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதித்த கடன்களுக்குத்தான், உங்களுக்கு வராது. இனி வாங்கப்போகிறவர்கள் விசாரிக்கலாம். குடும்ப வருமானம் 9 லட்சம், வீட்டின் மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம் இவற்றுக்குள் இருக்க வேண்டும்.

ஜூனில் சின்னவளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போது கட்டணத்தை முழுசாகக் கேட்பார்கள். டேர்ம் டேர்மாகக் கட்டலாமா என்று மார்ச்சிலேயே அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அந்தத் தொகையை மேலே சொன்ன 12,000-ல் கூட்டி எழுதுங்கள். பள்ளி விட்டபிறகு மாலை வரை அவளை வைத்துக்கொள்ள டே கேர் அரை நாளுக்கு என்ன வாங்குவார்கள் என்றும் கேளுங்கள். அந்த இரண்டு எண்ணும் தெரிந்த பிறகு, நிதி நிறுவனத்திலிருந்து வட்டிக்கு என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், தவணையை எப்போது திரும்ப ஏற்றலாம் என்று சொல்கிறேன்.